கரிசல் மழையில் பழைய டிவிஎஸ் 50

திருநெல்வேலி–சங்கரன்கோவில் சாலையில் இருக்கிறது பனவடலிசத்திரம். சுற்றிலும் வானம் பார்த்த கரிசல் காடு. ஐப்பசி மழையில் அந்த மண் சக்கரத்தை விடாது. மட்கார்டுக்குள் அப்பிக்கொண்டு வண்டியையே நிறுத்திவிடும்.

இப்படிப்பட்ட ஊர்களுக்காகவே செய்தது போல 1980-ல் ஓசூரில் பிறந்தது டிவிஎஸ் 50, இருவர் போகக்கூடிய இந்தியாவின் முதல் மொபெட். கியர் இல்லை, எடையும் குறைவு. சேற்றில் சிக்கினால் ஒற்றை ஆளே தூக்கி வைத்துவிடலாம். உர மூட்டை, புல்லுக்கட்டு, பால் கேன் எல்லாம் அதில்தான் போயின. டிராக்டரைப் பற்றி எழுதியவர்கள் இதைப் பற்றி எழுதாதது ஓரவஞ்சனைதான்!

டூ ஸ்ட்ரோக் வண்டி என்பதால் பெட்ரோலோடு ஆயிலும் எரியும், கரி படியும். ஆகவே மழைக்கு முன் வேலை நிச்சயம். பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்ப்பார்கள், கார்புரேட்டர் ஜெட்டை ஊதுவார்கள், சைலன்சரில் அடைத்த கரியைச் சுரண்டுவார்கள்.

2015-ல் டிவிஎஸ்ஸின் ஃபோர் ஸ்ட்ரோக் மொபெட் எக்ஸ்எல் 100 வந்தது. ஆயில் கலக்கும் வேலை ஒழிந்தது.

பழசைத்தான் வாங்குவேன் என்பவர்கள் முதலில் ஆர்.சி. புத்தகத்தின் சேஸிஸ் எண்ணை வண்டியோடு ஒத்துப் பாருங்கள். 15 ஆண்டு தாண்டியிருந்தால், பதிவைப் புதுப்பித்த பிறகே பணத்தை எண்ணுங்கள்.