நியூயார்க்கில் ஒரு வழுக்கு மரம்

நவம்பர் மாதக் கடைசியில் நியூயார்க்குக்குப் போகிறவன் பணக்காரனாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பளிச் சட்டையாவது நிறைய வைத்திருக்க வேண்டும். நான் இரண்டும் இல்லாமல் போய்ச் சேர்ந்தேன். மரங்கள் இலை உதிர்த்துவிட்டன. பனி இன்னும் விழத் தொடங்கவில்லை. ஆற்றுக் காற்று மட்டும் வாத்தியாரைப் போல் காதைப் பிடித்துத் திருகியது. ஐந்தாவது அவென்யூவில் கிறிஸ்துமஸுக்காக ஜோடித்த கடைக் கண்ணாடிகளின் முன்னால் ஜனங்கள் கும்பல் கும்பலாக நின்றார்கள். தீபாவளிக்கு முந்திய வாரம் தியாகராய நகரில் நடந்து பழகியவனுக்கு அந்தக் கும்பல் ஒரு பொருட்டில்லை.

தங்கியிருந்தது என் தமக்கை பிள்ளையின் வீட்டில். "மாமா, நாளை மறுநாள் தாங்க்ஸ்கிவிங் பண்டிகை. கடையெல்லாம் அடைத்துவிடுவார்கள். பார்க்கிறதையெல்லாம் இன்றைக்கே பார்த்துவிடுங்கள்" என்றான்.

"இன்றைக்கு என்ன நாள் தெரியுமா?" என்று கேட்டேன்.

"செவ்வாய்க்கிழமை" என்றான்.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். அந்த ஊரிலேயே பிறந்தவர்களைக் கேட்டிருந்தாலும் பெரும்பாலும் அதே பதில்தான் வந்திருக்கும். அன்று நவம்பர் 25. 1783-ஆம் வருஷம் அதே தேதியில்தான் பிரிட்டிஷ் பட்டாளம் நியூயார்க்கைக் காலி செய்துவிட்டுக் கப்பலேறியது. 'வெளியேறிய நாள்' என்று பெயர் வைத்து, நூறு வருஷத்துக்கு மேல் அந்த ஊர் அதைக் கொண்டாடியிருக்கிறது.

பாதாள ரயிலேறி நகரத்தின் தென்கோடிக்குப் போனேன். பௌலிங் கிரீன் என்று ஒரு சின்னஞ்சிறு பூங்கா. சுற்றிலும் 1771-இல் போட்ட இரும்பு வேலி. அதற்குள்ளே மூன்றாம் ஜார்ஜ் மன்னர் குதிரைமேல் ஈயச் சிலையாக வீற்றிருந்தார். 1776 ஜூலை 9-ஆம் தேதி சுதந்திரப் பிரகடனத்தை வாசிக்கக் கேட்டவர்கள் நேரே இங்கே வந்து, கயிறு கட்டிச் சிலையை இழுத்துத் தள்ளினார்கள். மன்னரின் ஈயம் துப்பாக்கிக் குண்டாயிற்று. வேலித் தூண்களின் தலையிலிருந்த அலங்காரங்களையும் அறுத்துவிட்டார்கள். அறுத்த இடத்தைத் தடவிப் பார்த்தேன். இன்னும் சொரசொரவென்றுதான் இருக்கிறது.

அந்த யுத்தத்தில் 1781-இல் யார்க்டௌனில் தோற்றுச் சரணடைந்த கார்ன்வாலிஸ் நமக்கும் வேண்டியவர்தான்! 1786-இல் கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு வந்து, 1792-இல் திப்பு சுல்தானின் இரண்டு பிள்ளைகளைப் பணயமாகப் பிடித்தார். அவர் சிலையை நாம் குண்டாக உருக்கவில்லை. சென்னைக் கோட்டை மியூசியத்தில் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

மன்னரைத் தள்ளிய சந்தோஷம் நீடிக்கவில்லை. அதே வருஷம் செப்டம்பர் 15-இல் பிரிட்டிஷார் ஊரைப் பிடித்துக்கொண்டார்கள். ஏழு வருஷம் விடவில்லை. முதல் வாரத்திலேயே தீப்பிடித்து, ஊரில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு வெந்து போயிற்று. பிடிபட்டவர்களை எதிர்க்கரையில் புரூக்லின் ஓரமாக நிறுத்திய பழைய கப்பல்களில் அடைத்தார்கள். பட்டினியாலும் நோயாலும் அங்கே மடிந்தவர்கள் சுமார் 11,500 பேர் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு.

கடைசியில் போனவர்களும் சும்மா போகவில்லை. ஜார்ஜ் கோட்டைக் கொடிமரத்தில் தங்கள் கொடியை ஆணியடித்து நிறுத்தி, கயிற்றை அறுத்துவிட்டு, மரம் முழுவதும் கொழுப்பைத் தடவிவிட்டுப் போனார்கள். கிருஷ்ண ஜயந்திக்கு நம் ஊர்த் தெருவில் வழுக்கு மரம் ஏறுகிறார்களே, அதே கதைதான்! ஏறுகிறவன் சறுக்க, கீழே நிற்கிறவர்கள் கூச்சல் போட, ஜான் வான் ஆர்ஸ்டேல் என்ற இளம் மாலுமி கட்டைகளைப் படிபோல் மரத்தில் அடித்து அடித்து மேலே போனான். பழைய கொடியைப் பிய்த்தெறிந்து புதிய கொடியைப் பறக்கவிட்டான். 13 பீரங்கிகள் முழங்கின. அன்று ஜெனரல் வாஷிங்டன் குதிரைமேல் நகரத்துக்குள் பிரவேசித்தார்.

இப்படிப்பட்ட நாளை எப்படி மறந்தார்கள்? 1863-இல் லிங்கன் நவம்பர் கடைசி வியாழக்கிழமையைத் தாங்க்ஸ்கிவிங் என்று தேசத்துக்கே அறிவித்தார். வீட்டுக்குள் கணப்பருகே விருந்து சாப்பிடுவதா, குளிரில் கொடிமரத்தடியில் நிற்பதா? வயிறு ஜயித்தது. பிறகு 1917-இல் அமெரிக்கா பிரிட்டனோடு சேர்ந்து யுத்தத்தில் இறங்கியது. பக்கத்தில் நின்று சண்டை போடும் சிநேகிதனிடம், "நீ ஓடிப்போன நாளைக் கொண்டாடுகிறோம், வா" என்று சொல்ல முடியுமா?

எனக்கென்னவோ, கொடிமரம் ஏறியவனைவிட அதற்குச் சில மாதம் முன்பு கப்பலேறிய ஒருவன்தான் மனத்தைவிட்டுப் போகவில்லை. எதிர்த்தரப்பு எஜமானர்களிடமிருந்து ஓடி வரும் அடிமைகளுக்கு விடுதலை என்று யுத்தத்தின்போது பிரிட்டிஷார் வாக்குக் கொடுத்திருந்தார்கள். 1783 மே மாதம் வாஷிங்டன் பிரிட்டிஷ் தளபதி கார்ல்டனைச் சந்தித்து, அந்த 'உடைமை'களைத் திருப்பித் தரும்படி கேட்டார். கொடுத்த வாக்கை மீற மாட்டேன் என்றார் கார்ல்டன். போகிறவர்களின் பெயர், வயது, அங்க அடையாளம், பழைய எஜமானன் பெயர் எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைக்கச் செய்தார். சுமார் 3,000 பேர். அதில் ஒருவன் ஹாரி வாஷிங்டன். வயது 43. அவனுடைய பழைய எஜமானன், மௌண்ட் வெர்னான் பண்ணையின் ஜார்ஜ் வாஷிங்டன்.

எஜமானர் வெற்றி ஊர்வலமாக நகரத்துக்குள் வந்தபோது, ஹாரி வடக்கே நோவா ஸ்கோஷியாவில் இருந்தான். அங்கே நிலமும் குளிரும் சரிப்படாத ஜனங்களோடு 1792-இல் ஆப்பிரிக்காவுக்கு, சியரா லியோனுக்குப் போனான். அங்கே ஆண்ட கம்பெனியார் நிலத்துக்குத் தீர்வை கேட்டார்கள். 1800-இல் குடிகள் கலகம் செய்தார்கள். ஹாரியும் அதில் சேர்ந்து பிடிபட்டு நாடு கடத்தப்பட்டான்.

இருட்டியபின் வீடு திரும்பினேன். "என்ன பார்த்தீர்கள், மாமா?" என்றான் மருமான். வேலியைப் பார்த்தேன் என்றேன். இவ்வளவு தூரம் வந்து வேலியையா பார்த்தீர்கள் என்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டு, காப்பி போட உள்ளே போனான்.