தோலாவும் புரோட்டானும்: ஓர் அலகு மாற்றத்தின் வரலாறு

அணுவுட் துகள்களின் நிறையைத் தோலா, மாஷா, ரத்தி, சேர், மணங்கு முதலிய இந்திய மரபு எடையலகுகளில் கணக்கிடுவதும், அவ்வலகுகளைத் துகள்களின் எண்ணிக்கையாகக் கூறுவதும் இம்மாற்றத்தில் அடங்கும். புரோட்டான் ஒன்றின் நிறை 1.67262 × 10⁻²⁷ கிலோகிராம். ஒரு தோலா 11.6638 கிராம். முன்னதைப் பின்னதால் வகுத்தால், ஒரு புரோட்டான் 1.43403 × 10⁻²⁵ தோலா ஆகிறது. எலக்ட்ரான் ஏறத்தாழ 7.81 × 10⁻²⁹ தோலா. ஒரு தோலா நிறைக்கு ஏறத்தாழ 6.97 × 10²⁴ புரோட்டான்கள் வேண்டும். வகுத்தல் எளிது, விடையை எத்தனை இலக்கம் வரை நம்பலாம் என்பதுதான் ஆராய வேண்டியது. அந்த நம்பகம் துகளின் இயல்பைவிடத் தோலாவின் வரலாற்றையே பெரிதும் சார்ந்திருக்கிறது.

இந்திய நிறுத்தலளவை மிகப் பழையது. சிந்துவெளி நகரங்களில் கிடைத்த கனசதுரக் கல் எடைகள், 1, 2, 4, 8 என இரட்டித்துச் செல்லும் வரிசையில் அமைந்தவை. பின்னர் எழுந்த நூல்கள் விதைகளை அடிப்படையாகக் கொண்டன. மனுஸ்மிருதி, சாளரத்தின் வழியே விழும் வெயிலில் தெரியும் தூசியான திரசரேணுவிலிருந்து தொடங்குகிறது. எட்டுத் திரசரேணு ஒரு லிட்சை. மூன்று லிட்சை ஒரு கருங்கடுகு. மூன்று கருங்கடுகு ஒரு வெண்கடுகு. ஆறு வெண்கடுகு ஒரு யவம். மூன்று யவம் ஒரு குன்றிமணி. இவற்றைப் பெருக்கினால் ஒரு குன்றிமணிக்கு 1,296 திரசரேணு. குன்றிமணியை 0.12 கிராம் என்று கொண்டால் திரசரேணு 0.09 மில்லிகிராமுக்குச் சற்றே கூடுதல். அதாவது ஏறத்தாழ 5.5 × 10¹⁹ புரோட்டான்களின் நிறை. கண்ணுக்குப் புலப்படும் எல்லைவரை அலகைப் பகுத்துச் சென்ற மரபு இது. ஆனால் அந்த எல்லைக்கும் புரோட்டானுக்கும் இடையே பத்தின் பத்தொன்பது அடுக்குகள் உள்ளன. அர்த்தசாஸ்திரம் ஐந்து குன்றிமணியை ஒரு பொன் மாஷமாகவும், பதினாறு மாஷத்தை ஒரு சுவர்ணமாகவும் வகுத்தது. ஈரத்தால் கூடாத, வெப்பத்தால் குறையாத பொருளால் எடைக்கற்களைச் செய்ய வேண்டும் என்றும் விதித்தது. தமிழ்நாட்டில் இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு என்ற வாய்பாட்டைச் சோழர் கல்வெட்டுகள் காட்டுகின்றன. விதை வேறுபடும் என்பதை அறிந்தே அரசுகள் கல்லையும் இரும்பையும் நாடின.

இம்மாற்றத்துக்குத் திருப்புமுனையாக அமைந்த ஆண்டு 1833. அவ்வாண்டு வங்காள ஒழுங்குவிதி ஒன்று, 180 கிரெயின் எடையுள்ள ரூபாய் நாணயத்தையே தோலாவின் அளவாக்கியது. தோலா ஒன்றுக்குப் பன்னிரண்டு மாஷா, மாஷா ஒன்றுக்கு எட்டு ரத்தி என்ற கணக்கில், ரத்தி 121.5 மில்லிகிராம் என நிலைபெற்றது. எண்பது தோலா ஒரு சேர், நாற்பது சேர் ஒரு மணங்கு. ஆயினும் நாடு முழுவதும் ஒரே அளவு வழங்கவில்லை. வங்காள மணங்கு 37.32 கிலோகிராம், எட்டு வீசை கொண்ட சென்னை மணங்கு அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. எந்த மணங்கு என்று குறிக்காமல் புரோட்டான்களைக் கணக்கிட்டால் விடை மூன்று மடங்குக்கு மேல் பிழைபடும். 1956இன் எடை, அளவைச் சட்டம் மெட்ரிக் முறைக்கு வழிசெய்தபோது, ஒரு தோலா 11.6638 கிராம் என்ற மாற்று மதிப்பையும் தந்தது.

துகள்களின் நிறை வேறு பாதையில் வந்தது. 1897இல் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானின் மின்னூட்டத்துக்கும் நிறைக்கும் உள்ள விகிதத்தை அளந்தார். மில்லிகனின் எண்ணெய்த்துளிச் சோதனைகள் மின்னூட்டத்தைத் தனியே தந்ததும் நிறையைக் கணக்கிட முடிந்தது. 1919இல் ஆஸ்டன் உருவாக்கிய நிறைநிரல் வரைவி அணுக்களின் நிறைகளை நுட்பமாக ஒப்பிட உதவியது. 1961 முதல் கார்பன்-12 அணுவின் நிறையில் பன்னிரண்டில் ஒரு பங்கு பொது அலகாயிற்று. இவ்வலகை கிலோகிராமோடு இணைக்கும் கண்ணி நெடுங்காலம் அவகாட்ரோ எண்ணின் அளவீட்டைச் சார்ந்திருந்தது. 2019 மே 20 முதல் கிலோகிராம் உலோக உருளையை விட்டுப் பிளாங்க் மாறிலியின் அடிப்படையில் வரையறுக்கப்படுகிறது. அவகாட்ரோ எண்ணும் 6.02214076 × 10²³ என நிலைநிறுத்தப்பட்டது. இன்று புரோட்டானின் நிறை கிலோகிராமில் ஒன்பது இலக்கம் வரை நம்பகமாகத் தெரியும்.

தோலாவின் நிலை அப்படியன்று. 1959இன் பன்னாட்டு உடன்பாட்டின்படி ஒரு கிரெயின் 64.79891 மில்லிகிராம், அதை 180ஆல் பெருக்கினால் தோலா 11.6638038 கிராம். இந்தியச் சட்டம் தந்த மதிப்புக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு 3.8 மைக்ரோகிராம். அவ்வளவுக்குள் மட்டும் 2 × 10¹⁸க்கும் மேற்பட்ட புரோட்டான்கள் அடங்கும். ஆகவே இன்று இம்மாற்றத்தின் துல்லியத்துக்கு வரம்பிடுவது, கண்ணுக்குத் தெரியாத துகள் அன்று, கையில் எடுத்து நிறுக்கத்தக்க தோலாவே.

இதற்கு மூன்று மறுப்புகள் எழலாம். தோலா எடையலகு, புரோட்டானுக்கு உள்ளதோ நிறை, இரண்டையும் ஒப்பிடலாகாது என்பது முதலாவது. ஆனால் இருதட்டுத் தராசில் இரு பக்கமும் ஒரே ஈர்ப்புதான் செயல்படுகிறது. ஆகையால் அது ஒப்பிடுவது நிறையையே. எனவே தோலா தொடக்கம் முதலே நிறையலகுதான். விதைகள் ஒரே சீரானவை அல்ல, எனவே குன்றிமணிக் கணக்கு பொருளற்றது என்பது இரண்டாவது. விதைகளின் வேறுபாடு முதல் இலக்கங்களைத்தான் தொடும். பத்தின் அடுக்கை மாற்றாது. பழங்காலக் கணக்குக்கு ஒன்றிரண்டு இலக்கங்கள் போதும். அதற்கு மேல் எழுதுவதுதான் தவறு. துகள் இயற்பியலர் யாரும் தோலாவைப் பயன்படுத்துவதில்லை என்பது மூன்றாவது. அது உண்மையே, அவர்கள் ஆற்றலலகில் பேசுகிறார்கள், புரோட்டானை 938.27 மெகா எலக்ட்ரான் வோல்ட் என்கிறார்கள். எனினும் பத்துத் தோலாத் தங்கக் கட்டி வணிகத்தில் வழங்கியே வருகிறது. வழக்கிலுள்ள ஓர் அளவை இயற்கையின் மாறிலிகளோடு எந்தெந்தக் கண்ணிகள் இணைக்கின்றன, அவற்றுள் எது தளர்ந்தது என்று காண இக்கணக்கு உதவுகிறது.

எனவே மாற்று அட்டவணையில் தோலா என்று மட்டும் எழுதுவது போதாது. எந்த ஆண்டின், எந்தச் சட்டத்தின் தோலா என்பதையும் குறிக்க வேண்டும். இந்தியச் சட்டத்தின் மதிப்பைக் கொண்டால் ஆறு இலக்கத்தோடு நிறுத்த வேண்டும். 1833க்கு முந்தைய அலகு எனில் இரண்டு இலக்கத்தைத் தாண்டக் கூடாது.