ஓசூர் எல்லை: மதுவிலக்கும் மூளை ஆய்வும்

1937 அக்டோபர் 1 அன்று சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு நடைமுறைக்கு வந்த சேலம் மாவட்டத்தில் இன்றைய ஓசூரும் கிருஷ்ணகிரியும் அடங்கியிருந்தன. அந்த மதுவிலக்கைக் கொண்டுவந்த ராஜாஜி ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தவர். 1929இல் 'விமோசனம்' என்ற இதழை மதுவிலக்குப் பிரசாரத்துக்கென்றே தொடங்கியவர். கள்ளுக்கடையை மூடிவிட்டால் குடிகாரன் தானே திருந்திவிடுவான் என்பதே அக்காலப் பிரசாரத்தின் நம்பிக்கை.

தமிழகத்தில் மதுவிலக்கு 1971இல் தளர்ந்து, 1974இல் திரும்பி, 1981இல் மீண்டும் தளர்ந்தது; 1983இல் அரசின் மது விற்பனை நிறுவனமான டாஸ்மாக் பிறந்தது. சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்போது அதன் விளைவு ஓசூர் போன்ற எல்லைப் பகுதியில்தான் முதலில் தெரியும். 2007 ஜூலையில் கர்நாடகம் சாராயத்தைத் தடை செய்ய, மறு ஆண்டு மே மாதம் பெங்களூரு, கோலார், கிருஷ்ணகிரிப் பகுதிகளில் கள்ளச்சாராயம் குடித்து நூற்றைம்பது பேருக்குமேல் இறந்தனர். அதில் கலந்திருந்த மெத்தனால் கல்லீரலில் ஃபார்மிக் அமிலமாக மாறி, குறிப்பாகக் கண்நரம்பைத் தாக்கக்கூடியது.

தடைக்குப் பின்னும் குடிப்பவரைச் சாராயத்தின்பால் இழுப்பது எது என்ற வினாவுக்கான விடையை, ஓசூரிலிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டரில் பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தில் விவேக் பெனகல் உள்ளிட்டோர் மூளையில் தேடினர். எதிர்பாராத ஒலியைக் கேட்டபின் ஏறத்தாழ 300 மில்லிநொடியில் மூளையில் எழும் பி300 என்ற மின்னலையின் வீச்சு, குடிநோயாளிகளின் நெருங்கிய ஆண் உறவினரிடம் குடிநோய் அபாயம் கூடக் கூடக் குறைவதை அவர்களது 1995ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது; அதாவது, குடிக்கு அடிமையாகும் பலவீனத்தின் ஒரு பகுதி பரம்பரையாகவும் வரலாம். சாராயத்தைத் தடைசெய்த அதே 2007இல், இத்தகைய அபாயமுள்ளோரின் மூளைச் சாம்பல்நிறப் பொருளின் அளவு குறித்தும் இக்குழு கட்டுரை வெளியிட்டது.

மது, நடுமூளையிலிருந்து கிளம்பும் டோபமைன் என்ற வேதித்தூதைப் பெருக்குகிறது. நாளடைவில் புட்டியைக் கண்டாலே வேட்கை கிளறும்படி நரம்புப் பாதை பழகிவிடுகிறது. பசியின்றியே அளவுமீறித் தின்னும் கோளாறிலும் இதே பாதைக்குப் பங்குண்டு எனக் கருதப்படுகிறது. மூளையின் ஓபியாய்டு ஏற்பிகளை அடைத்து இன்ப உணர்வைத் தணிக்கும் நால்ட்ரெக்சோன், அமெரிக்காவில் 1994இல் மதுநோய்க்கும், 2014இல் புப்ரோபியான் என்ற மருந்துடன் சேர்ந்து உடற்பருமனுக்கும் அனுமதி பெற்றதை இந்தப் பொதுமையோடு பொருத்திப் பார்க்கலாம்.