கோட்டை வாயிற் கற்கள் கூறும் வரலாறு

ஏட்டிற் பதிந்த வரலாற்றைப் பயில்வோர் பலர். நாள்தோறும் நடந்து செல்லும் வீதியின் இருமருங்கும் பதிந்துள்ள வரலாற்றைப் பயில்வோர் சிலரே. திருகோணமலை நகரத்தார்க்கு இவ்விரண்டாவது பயிற்சி எளிதில் வாய்க்கக்கூடியது. துறைமுகத்தை அண்டிய லிங்கநகரிலிருந்து புறப்பட்டு, நகரின் கடைவீதியைக் கடந்து, பிரட்றிக் கோட்டை வாயிலினூடே சுவாமிமலை உச்சிவரை ஒருவர் காலாற நடந்து செல்வாராயின், எண்ணூறு ஆண்டு வரலாற்றின் சுவடுகளை அவர் ஒரு காலைப் பொழுதிற் கண்டுவிடலாம். அவற்றுட் பல கல்லில் எழுதியவை; சில கல்லிற் செதுக்கியவை. அனைத்தும் வழிப்போக்கர் கண்ணிற்படுமாறு பொதுவிடத்தில் வைக்கப்பட்டவை என்பதே அவற்றின் சிறப்பு.

கோட்டை வாயிலை முதற்கண் நோக்குவோம். இரு குடாக்களுக்கிடையே கடலினுள் நீண்டு செல்லும் மலைமுனையின் கழுத்துப் பகுதியில் அவ்வாயில் அமைந்துள்ளது. போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா கோணேசர் கோயிலை இடித்தது கி. பி. 1622 இல் என்பது மரபு. அக்கோயிற் கற்களைக் கொண்டே அவன் 1624 அளவிற் கோட்டையை எழுப்பினான். எனவே, இக்கோட்டைச் சுவர் ஒரு வகையிற் கோயிலின் உடலேயாம். இடித்தவர் கல்லை அழிக்கவில்லை. இடம் மாற்றி அடுக்கினர். அதனாலன்றோ அக்கல்லிற் பொறித்த எழுத்துக்களுள் ஒருசில நம் காலம்வரை பிழைத்திருந்தன!

வாயிற் கல்லிற் காணப்படும் இரட்டைக் கயல் உருவங்கள் பாண்டியர் இலச்சினையை நினைவூட்டுவன. சடையவர்மன் வீரபாண்டியன் பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஈழத்தின்மீது படையெடுத்துக் கோணமலையிற் கயல் பொறித்த செய்தியைப் புதுக்கோட்டையை அடுத்த குடுமியான்மலைக் கல்வெட்டுக் கூறுகின்றது. கடலின் அக்கரையிலுள்ள கல்லொன்று கூறுவதற்கு இக்கரையிலுள்ள கல் சான்று பகர்வது போன்ற காட்சி இது. கோட்டையினுட் கிடைத்த வேறொரு துண்டுக் கல், கிரந்த எழுத்தில் வடமொழியில் அமைந்தது. சோடகங்கதேவன் என்பான் சக ஆண்டு 1145 இல், அஃதாவது கி. பி. 1223 இல், கோகர்ணத்துக்கு வந்தமையை அது குறிக்கின்றது. கோகர்ணம் என்பது திருகோணமலையின் பழம்பெயர். நகருக்கு வடக்கே நிலாவெளியிற் கிடைத்த சோழர் காலக் கல்வெட்டோ, இத்தலத்திறைவனுக்கு 250 வேலி நிலம் வழங்கப்பட்டதை உரைக்கின்றது. இம்மூன்று சான்றுகளையும் ஒருங்கு வைத்து நோக்கின், போர்த்துக்கேயர் இடித்தது சிற்றூர்க் கோயிலொன்றன்று, கடல் கடந்த அரசரும் நாடிவந்த பெருங்கோயில் என்பது தெளிவாகும்.

வாயிற் கல்லிலுள்ள தமிழ்க் கல்வெட்டே மக்களிடையே மிகவும் பேர்பெற்றது. குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பறங்கியர் பின்னர்ப் பிரிப்பர் என முன்னறிந்து உரைப்பதாக அமைந்த செய்யுள் அது. கல் சிதைந்துள்ளமையால் அதிற் காணப்படுவன சில சொற்களே. எஞ்சியவற்றை வாய்மொழி மரபு நிரப்பி வந்துள்ளது. எழுத்தமைதி கொண்டு அதனைப் பதினாறாம் நூற்றாண்டின் பாற்படுத்துவாரும் உளர். கல்லில் உள்ளது எது, செவிவழி வந்தது எது எனப் பிரித்தறிதல் வரலாறு பயில்வோர் கடன். எனினும், செவிவழிச் செய்தியைப் பயனற்றதென ஒதுக்குதலும் பொருந்தாது. 1505 இல் இத்தீவில் அடிவைத்த போர்த்துக்கேயரின் செயல்களைக் கேள்வியுற்ற ஒரு மக்கட் கூட்டத்தின் அச்சத்தை அச்செய்யுள் காட்டுகின்றது. அழிவு வந்த பின்னும் அதனை மறவாது மனனஞ் செய்து வைத்திருந்த அவர்தம் உறுதியையும் அதுவே காட்டுகின்றது.

வாயிலைக் கடந்து மலைமீது ஏறுவோர், உச்சியிற் பழைய கோயிற்றூண் ஒன்று தனித்து நிற்பதைக் காண்பர். பிரான்சினா வான் றீட் என்னும் ஒல்லாந்தப் பெண்ணின் நினைவாக 1687 ஆம் ஆண்டு ஏப்பிரில் 24 இல் அது நிறுத்தப்பட்டதென அதிற் பொறித்த ஒல்லாந்த மொழி வாசகம் கூறுகின்றது. காதலன் கைவிட்டுக் கப்பலேற, அவள் அம்மலையினின்றும் கடலிற் குதித்து மாண்டாள் என்பது கதை. ஆயின், அவள் பின்னர் மணம் புரிந்து வாழ்ந்தாள் என்று ஒல்லாந்தர் ஆவணங்கள் தெரிவிக்கின்றன. கல்லோ அவள் இறந்தாள் என்று யாண்டும் சொல்லவில்லை. சொல்லாததைக் கல்லின்மேல் ஏற்றிக் கூறுவது எத்துணை எளிது என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு. கோட்டை வாயிற் செய்யுளை ஆராயுங்கால் வேண்டப்படும் அதே எச்சரிக்கை ஈண்டும் வேண்டப்படுகின்றது.

இக்கோட்டையின் பொருட்டு நிகழ்ந்த போர்கள் பல. 1639 இல் ஒல்லாந்தர் இதனைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். 1782 ஆம் ஆண்டொன்றில் மாத்திரம், சனவரியில் ஆங்கிலேயரும் ஓகஸ்டிற் பிரான்சியரும் இதனை மாறி மாறிக் கைக்கொண்டனர். மீண்டும் ஒல்லாந்தர்க்குரியதாகி, 1795 இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. பின்னரே பிரட்றிக் என்னும் பெயரும் வந்தது. 1942 ஆம் ஆண்டு ஏப்பிரில் 9 இல் யப்பானிய வானூர்திகள் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தன. 1957 இற் பிரித்தானியர் கடற்படைத் தளத்தை இலங்கை அரசிடம் ஒப்படைத்தனர். கொடிகள் மாறின; கற்கள் மாறவில்லை.

மறைந்தவை மீண்ட வரலாறும் இந்நகருக்கு உண்டு. 1950 இற் கிணறு தோண்டியபோது கோணேசர் கோயிலுக்குரிய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. ஆதர் சி. கிளார்க், மைக் வில்சன் ஆகியோர் 1956 இற் கடலடியிற் கோயிலின் இடிபாடுகளைக் கண்டனர். 1963 இற் புதுக்கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. மண்ணும் கடலும் காத்துத் தந்தவற்றை மக்கள் ஏற்றுப் போற்றினர். ஆனால், வெயிலிலும் உப்புக்காற்றிலும் நிற்கும் வாயிற் கல்லைக் காப்பார் வேண்டும். ஓரெழுத்துத் தேய்ந்தழியின் அதனை மீட்டுத்தர எந்தக் கடலாலும் இயலாது.

சுவரில் எழுதும் வேட்கை இக்காலத்தும் குன்றவில்லை. 2019 ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையின் நகரங்கள் பலவற்றில் இளைஞர் திரண்டு வெற்றுச் சுவர்களில் வண்ண ஓவியங்கள் தீட்டினர். அவ்வண்ணங்கள் சில மாரிகளில் மங்குவன. அவை மங்குமுன் இன்ன சுவரில் இன்ன உரு, இன்ன நாளில் தீட்டப்பட்டது எனக் குறித்து வைப்பாரிருப்பின், அக்குறிப்பே நாளைய வரலாற்றுக்குச் சான்றாகும். குறிப்பேடும் எழுதுகோலும் கைக்கொண்டு மாணவர் இந்நகர வீதிகளில் நடத்தல் வேண்டும். கண்டதைக் கண்டவாறே எழுதுதல் வேண்டும். கேட்டதைக் கேட்டதென்றே எழுதுதல் வேண்டும். கோட்டை வாயிலை நாள்தோறும் கடப்போர் ஒருகணம் நின்று அக்கல்லைப் படிப்பாராயின், நானூறாண்டுகளுக்கு முன் இடிக்கப்பட்ட கோயிலின் ஒரு கல்லேனும் தன் பணியை இன்றும் செய்து நிற்பதாகக் கொள்ளலாம்.