பிழையென்று நான் திருத்திய பெயர்

நேயர்களே, என்னுடைய தவறொன்றை ஒப்புக்கொண்டே இன்றைய உரையைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கான விண்ணப்பங்களை என் வகுப்பு மாணவர்கள் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு மாணவன், தகப்பனாரின் பெயரான தங்கராசா என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது, 'ங்க' வருமிடத்தில் 'என், கே' என்றும், 'சா' வருமிடத்தில் 'எஸ், ஏ' என்றும் எழுதியிருந்தான். "தம்பி, இது பிழையடா" என்று சொல்லி, 'கே'யை 'ஜி' ஆக்கி, 'எஸ்'ஸை 'ஜே' ஆக்கி, வாலில் ஓர் 'எச்'சையும் ஒட்டிக் கொடுத்தேன். படித்தவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள் என்பது என் எண்ணம்.

தன் பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பை வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதியிருக்கிறான் என்பது பின்னர்தான் தெரிந்தது. வெளிநாட்டிற் படிக்கப் போவதற்குக் கடதாசிகளைக் கொடுத்தபோது, இரண்டு சான்றிதழ்களிலும் உள்ளவர் ஒருவர்தானா என்று கேட்டிருக்கிறார்கள். சமாதான நீதவானிடம் போய்ச் சத்தியக் கடதாசி முடித்து வருவதற்குள் தவணை கடந்துவிட்டது. அந்த ஆண்டு அவன் போகவில்லை.

ஆங்கிலத்தில் எழுத்துப் பிழை என்பது எது? அதன்பிறகுதான் இதைத் தேடிப் படித்தேன்.

ஆங்கிலேயரும் ஒரு காலத்தில் மனம்போனபடிதான் எழுதினார்கள். சேக்ஸ்பியருடையவை என ஏற்கப்பட்ட கையொப்பங்கள் ஆறு. அவற்றுள் ஒன்றுகூட இன்று நாம் அவர் பெயரை எழுதும் முறையில் இல்லை. அச்சகத்தார் மெல்ல மெல்ல ஒரு வழக்கத்தை உண்டாக்க, 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜோன்சனின் அகராதி அதற்கு அதிகாரம் கொடுத்தது. நிலைபெற்றவை எல்லாம் நியாயமானவை என்றும் சொல்ல முடியாது. தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' என்ற சொல்லின் நடுவே, ஒலிக்காத 'எஸ்' ஒன்று நிற்கிறதே, பழைய ஆங்கிலத்தில் அது கிடையாது. பிரெஞ்சு வழியாக வந்த 'ஐல்' என்ற வேறொரு சொல்லோடு உறவு கற்பித்து இடையில் நுழைத்துவிட்டார்கள். பிழையாகப் புகுந்த எழுத்து அது. இன்றோ, அதை விட்டுவிட்டு எழுதும் பிள்ளைக்குத்தான் புள்ளி குறைகிறது! அமெரிக்காவில் நோவா வெப்ஸ்ரர் 1828இல் தம் அகராதியை வெளியிட்டார். 'கலர்' என்ற சொல்லில் அவர் 'யூ'வைக் கைவிட்டார். இலண்டனில் அது பிழை. நியூயோர்க்கில் அதுவே சரி.

நமது வாவிக்கரைக்கு வருவோம். மெதடிஸ்த பாதிரியார் வில்லியம் ஓல்ட் 1814இல் மட்டக்களப்புக்கு வந்து பள்ளிக்கூடம் தொடங்கி, மறு ஆண்டே இங்கு காலமானார். அவரிடம் ஆங்கில எழுத்துக் கற்ற பிள்ளைகளின் ஊர்ப்பெயர் அதற்கு முன்னரே உருமாறியிருந்தது. 1602இல் இக்கரையில் இறங்கிய ஒல்லாந்தக் கடலோடி ஸ்பில்பேர்கனின் பயணக் குறிப்பில் அது 'மட்டெக்கலோ' என்பதுபோல, 'எம்' எழுத்தோடுதான் தொடங்குகிறது. நம் மகரம் அங்கே உயிரோடு இருக்கிறது. பின்னர் நிலைத்ததோ 'பி'யில் தொடங்கும் வடிவம். முதலெழுத்து மாறிற்று, கடைசியில் 'ப்பு' காணாமற் போயிற்று. அந்தப் பத்து எழுத்தில் ஒன்றைப் பிசகி எழுதினாலும் பிழையென்று சிவப்பு மையால் சுழிக்கிறோம்.

இன்னொரு வேடிக்கை. அதில் வரும் இரட்டை 'ரீ' நமக்கு 'ட்ட'. தெற்கே சில கிலோமீற்றர் போனால் காத்தான்குடி. அங்கே அதே இரட்டை 'ரீ' 'த்த' ஆகிவிடுகிறது. வீதிப்பலகையைப் பார்த்து வாசிக்கும் அந்நியர் எப்படி உச்சரிப்பார், பாவம்! வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் 1823இல் தொடங்கிய செமினரியும் 'பற்றிக்கோட்டா' என்றே பெயர் பெற்றது. அந்த ஊர் பின்னர் ஆங்கிலத்தில் தன் வகரத்தை மீட்டுக்கொண்டது. நாம் நம் மகரத்தைக் கேட்கவில்லை.

கேட்டவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டு அரசு 2020 யூன் மாதத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களுக்கு, தமிழ் ஒலிப்பையொட்டிய புதிய ஆங்கில எழுத்துக்கூட்டலை அறிவித்தது. வேலூருக்கும் கோயம்புத்தூருக்கும் வந்த புதிய வடிவங்களைப் பார்த்துத் தமிழரே முகஞ்சுளித்தனர். சில நாட்களிலேயே அறிவிப்பு மீளப் பெறப்பட்டது. ஒலியைச் சரியாகப் பிடித்தாற் போதாது, கண்ணுக்கும் பழக வேண்டும் போலும்.

நமது ககரம் ஒன்றே. அது இடத்துக்கு ஏற்ப மூன்று விதமாக ஒலிக்கிறது. சகரமும் அப்படித்தான். ஆங்கிலத்தில் எழுதும்போது யாராவது ஒருவர் ஒன்றைத் தெரிந்தெடுக்கத்தான் வேண்டும். பொதுச் சொற்களுக்கு அகராதி இருக்கிறது. தங்கராசாவுக்கு ஏது அகராதி? மொழிபெயர்த்தவர் 'கே'யைத் தெரிந்தார், நான் 'ஜி'யைத் தெரிந்தேன். இரண்டும் சரியே. ஆனால் அவர் எழுதியது முதலிற் பதிவான கடதாசி. அதன்மேல் கைவைக்க எனக்கு உரிமை இருக்கவில்லை.

இந்த ஆண்டு விண்ணப்பம் நிரப்பும்போது ஒரு மாணவி எழுந்து, "சேர், அண்ணாவின் சேட்டிபிக்கற்றில் அப்பாவின் பெயருக்கு 'ஜி' இருக்குது, எனக்குக் 'கே' இருக்குது, எது சரி?" என்று கேட்டாள். பிறப்புச் சான்றிதழை வாங்கிப் பார்த்தேன். 'கே' என்றே எழுதச் சொன்னேன்.