இரவல் அதிகாரம்: கணினியில் நிர்வாகி உரிமையின் வரலாறு

ஒரே கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தும் முறை 1960களில் பரவியபோது, ஒருவர் செய்யும் பிழை மற்றவரின் கோப்புகளைக் கெடுத்துவிடாதபடி ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கும் அதற்கென ஓர் எல்லையும் வகுக்க வேண்டியதாயிற்று. பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் 1969 முதல் உருவாக்கிய யூனிக்ஸ் இயங்குதளம் இதை மிக எளிமையாக அமைத்துக்கொண்டது. ஒவ்வொரு பயனருக்கும் ஓர் எண் உண்டு. சுழியம் என்னும் எண்ணுக்குரிய 'ரூட்' கணக்குக்கு மட்டும் எந்தக் கோப்பும் தடையில்லை. இந்த எளிமையே சிக்கலுக்கும் காரணமாயிற்று. ஏனெனில் சாதாரணப் பயனர் எப்போதாவது செய்தாக வேண்டிய உயர் உரிமைப் பணிகளுக்கு இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவே இடமில்லை.

கடவுச்சொல்லை மாற்றும் பணி இதற்குத் தெளிவான சான்று. எல்லாப் பயனர்களின் விவரமும் ஒரே கோப்பில் இருந்தது. அதில் எழுதும் உரிமை ரூட்டுக்கே உண்டு. ஆனால் தன் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ள ஒவ்வொருவரும் நிர்வாகியைத் தேடிப் போவது நடவாத காரியம். ரிச்சி கண்ட தீர்வு, உரிமையை ஆளிடம் கொடுக்காமல் நிரலிடம் கொடுப்பதாகும். நிரல்கோப்பின் மீது ஒரேயொரு பிட் அடையாளமாக இடப்பட்டால், அதை யார் இயக்கினாலும், இயங்கும் நேரம் மட்டும் அது அக்கோப்பின் உரிமையாளருக்குள்ள அதிகாரத்தோடு இயங்கும். கடவுச்சொல் மாற்றும் நிரல், தன்னை இயக்குபவர் யாரென்று பார்த்து, பழைய கடவுச்சொல்லைக் கேட்டுச் சரிபார்த்து, அவருக்குரிய வரியை மட்டும் திருத்திவிட்டு நின்றுவிடும். இரவல் அதிகாரமும் அதோடு முடிந்துவிடும். 'செட்யூஐடி' எனப்படும் இந்த உத்திக்கு 1973இல் விண்ணப்பிக்கப்பட்டு 1979இல் காப்புரிமை கிடைத்தது. அக்காப்புரிமை பின்னர் பொதுப் பயன்பாட்டுக்கே விடப்பட்டது. கணினி வரலாற்றின் மிக அழகிய கண்டுபிடிப்புகளுள் இதுவும் ஒன்று. ஆயினும் அதன் பாதுகாப்பு முழுவதும் நிரலை எழுதியவரின் கவனத்தையே நம்பியிருந்தது. அதில் ஒரு பிழை இருந்தாலும் ரூட்டின் முழு அதிகாரமும் இயக்குபவர் கைக்குப் போய்விடும்.

மற்றப் பணிகளுக்கு, ரூட்டாக மாறும் 'சு' என்னும் கட்டளை இருந்தது; அதற்கு ரூட்டின் கடவுச்சொல்லே தெரிந்திருக்க வேண்டும் என்பதால், அது ஊழியர் பலரிடையே பரவுவது தவிர்க்க முடியாததாயிற்று. 1980ஆம் ஆண்டளவில், நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில் பாப் கோகஷாலும் கிளிஃப் ஸ்பென்சரும் ஒரு வாக்ஸ் கணினியில் எழுதிய 'சுடோ' நிரல் இதற்கு மாற்றாக எழுந்தது. அதன் பிற்கால வடிவத்தில், யார் எந்தக் கட்டளையை உயர் உரிமையோடு இயக்கலாம் என்பது ஒரு பட்டியலில் எழுதப்பட்டிருக்கும். பயனர் தம் சொந்தக் கடவுச்சொல்லையே தருவார். ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் குறிக்கப்படும். இந்தச் சுடோவே செட்யூஐடி அடையாளம் பெற்ற நிரல் என்பது கவனிக்கத்தக்கது. 2011இல் அதில் நுழைந்த ஒரு பிழை 2021 வரை வெளிப்படாமல் கிடந்தது. பட்டியலில் பெயரே இல்லாத பயனரும் அதன் வழியே ரூட்டாக முடிந்தது.

வீட்டுக் கணினிகளின் கதை வேறு. விண்டோஸ் 95, 98 ஆகியவற்றில் பயனருக்கும் நிர்வாகிக்கும் இடையே மெய்யான எல்லை இல்லாததால், அவற்றுக்கு நிரல் எழுதியவர்கள் தம் அமைப்பு விவரங்களை நிரல்கள் நிறுவப்படும் பொதுக் கோப்புறையிலேயே எழுதிப் பழகினர். 1993இல் வந்த விண்டோஸ் என்டி தனிக் கணக்குகளையும் உரிமைகளையும் முறையாகப் பிரித்திருந்தது. விண்டோஸ் 2000இல் ஒரு நிரலை மட்டும் வேறொருவர் கணக்கில் இயக்கும் 'ரன்ஆஸ்' வசதியும் சேர்ந்தது. ஆனால் 2001இல் விண்டோஸ் எக்ஸ்பி வழியே இந்த அடித்தளம் வீடுகளுக்கு வந்தபோது, பழைய நிரல்கள் பல வரையறுக்கப்பட்ட கணக்கில் ஓட மறுத்தன; விளையாட்டு நிரல்கூடத் தன் மதிப்பெண்ணைச் சேமிக்க முடியாமல் நின்றது. எனவே பெரும்பாலோர் நிர்வாகிகளாகவே இருந்துவிட்டனர்; அவர்கள் அறியாமல் திறந்த தீநிரலுக்கும் அதே அதிகாரம் கிடைத்தது. இதில் பயனரைக் குறை கூறுவது நியாயமன்று. பழுது, முழு உரிமையை இயல்பென்று கொண்ட நிரலாக்கப் பழக்கத்தில் இருந்தது.

2007இல் வீடுகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா அப்பழக்கத்தையே குறிவைத்தது. நிர்வாகி உள்நுழைந்தாலும் நிரல்கள் குறைந்த உரிமையோடுதான் இயங்கும். கூடுதல் உரிமை வேண்டுமெனில் திரை இருண்டு, ஒப்புதல் கேட்கும் பெட்டி தோன்றும். வரையறுக்கப்பட்ட கணக்கிலோ நிர்வாகியின் கடவுச்சொல்லே கேட்கப்படும். பொதுக் கோப்புறையில் எழுத முயலும் பழைய நிரல்களின் எழுத்தை, அவை அறியாமலேயே பயனரின் சொந்தக் கோப்புறைக்குத் திருப்பிவிடும் ஏற்பாடும் இருந்தது. ஓயாத கேள்விகளால் பயனர் சலிப்புற்றனர். நிரலாளர்களை மாற்றுவதற்கே அந்தத் தொல்லை தரப்பட்டது என்று 2008இல் மைக்ரோசாஃப்ட் அதிகாரி ஒருவர் வெளிப்படையாகக் கூறினார். 2009இல் வந்த விண்டோஸ் 7 கேள்விகளைக் குறைத்தது.

நிரலாளர்கள் மாறவும் செய்தனர். ஆனால் ஒரு பகுதியினர் எதிர்பாராத திசையில் மாறினர். 2008இல் வெளிவந்த குரோம் உலாவி, நிர்வாகி உரிமை எதையும் கேளாமல் பயனரின் சொந்தக் கோப்புறையிலேயே தன்னை நிறுவிக்கொண்டது. ஊழியருக்கு வரையறுக்கப்பட்ட கணக்கு தந்தால் புதிய மென்பொருள் நுழையாது என்று நம்பியிருந்த அலுவலக நிர்வாகிகளுக்கு அந்த அரண் போதவில்லை. கணக்கின் உரிமை எதுவாயினும், எந்த நிரல் இயங்கலாம் என்பதையே விதித்துக் கட்டுப்படுத்தும் 'ஆப்லாக்கர்' என்னும் கருவி விண்டோஸ் 7இன் நிறுவனப் பதிப்பில் இடம்பெற்றது.