பெயர் வகுத்த பேராசிரியர்

ஒரே கட்டிக்கு ஊருக்கொரு பெயர் வழங்குமானால், ஓரூர் மருத்துவர் கண்ட பலனை மற்றோரூரார் ஒப்பிட்டறிதல் இயலாது. தென்சீன மரபினரிடையே மிகுதியாகக் காணப்படும் மூக்குத் தொண்டைப் புற்றுநோய் நெடுங்காலம் இக்குழப்பத்திலேயே கிடந்தது. அதனை நுண்ணோக்கியின்கீழ் வைத்து ஆராய்ந்து ஒழுங்கு செய்தவருள் முதன்மையானவர், சிங்கப்பூர் நோயியல் பேராசிரியர் க. சண்முகரத்தினம் (1921–2018). இலங்கைத் தமிழ் மரபில் வந்தவர்.

1967இல் கேலம் மியூருடன் இணைந்து இந்நோய் குறித்த தொகுப்பு நூலொன்றைப் பதிப்பித்தார். சிங்கப்பூர்ப் புற்றுநோய்ப் பதிவகத்தை நிறுவியவரும் அவரே. சீனரும் மலாய்க்காரரும் இந்தியரும் ஒரே தீவில் வாழ்ந்தமையால், எந்நோய் எவரை மிகுதியும் தாக்குகிறது என்பதை அருகருகே வைத்துக் காண அப்பதிவேடு வழிசெய்தது.

1978இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் வெளியீடாக, லெஸ்லி சோபினுடன் அவர் எழுதிய மேல் சுவாசப் பாதைக் கட்டிகளின் வகைப்பாடு வந்தது. மூக்குத் தொண்டைப் புற்று அதில் மூவகையாயிற்று. மூன்றாம் வகை கதிர்வீச்சுக்கு எளிதில் இணங்குவது. ஆதலின் வகையறிதல் வெறும் ஏட்டுப் படிப்பன்று, நோயாளியின் உயிரைத் தொடுவது.

இங்கே ஒரு விந்தை உண்டு. பின்வந்த ஆய்வுரைகள் பல 'உலகச் சுகாதார நிறுவனத்தின் மூன்றாம் வகை' என்று மட்டும் எழுதிச் செல்கின்றன. வகுத்தவர் பெயரைச் சொல்வதில்லை. மேற்கோள்களை எண்ணிப் புகழை அளப்போர் கணக்கில் அவை சேர்வதெங்ஙனம்?

1991இல் வந்த இரண்டாம் பதிப்பில், இரண்டாம் மூன்றாம் வகைகளை அவ்விருவருமே ஒரு தலைப்பின்கீழ்க் கொணர்ந்தனர். பழைய எண்களோ அதன் பின்னரும் ஆய்வேடுகளில் வழங்கி வந்தன.